கோணற் காய்க்கும் ஒரு விலை உண்டு

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெடுநாளாக நிலவிவரும் முறை ஒன்று உண்டு. அங்கத்தினர் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் சேலையை விரித்துப் பிடித்து, பாவில் இழை அறுந்திருக்கிறதா, ஊடை சீராக ஓடியிருக்கிறதா, கரை ஒழுங்காக அமைந்திருக்கிறதா, சாயம் ஒரே நிறமாக ஏறியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். குறை சிறியதாயின் அச்சேலை தனியே வைக்கப்படுகிறது. இன்ன இடத்தில் இன்ன குறை என்று சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்கிறார்கள். ஒரு சாண் அளவில் ஊடை விலகிற்று என்பதற்காக முழுச் சேலையையும் யாரும் குப்பையில் எறிவதில்லை. சிறுவந்தாட்டில் பட்டு நெய்வோராயினும், பருத்தி நெய்வோராயினும், தறியோடு பழகிய எவர்க்கும் இது புதிய செய்தியன்று.

ஆனால் நிலத்தை நம்பி வாழும் நம் அங்கத்தினர்களிடையே இந்த முறை இன்னும் வேரூன்றவில்லை. வளைந்த வெண்டைக்காய், தழும்பேறிய கத்தரிக்காய், ஒருபுறம் சூம்பிய தர்ப்பூசணி ஆகியவை ஒன்று வரப்போரத்தில் கொட்டப்படுகின்றன. அல்லது நல்ல காயோடு கலந்து மூட்டையில் ஏறி, மூட்டை முழுவதன் விலையையும் கீழே இழுக்கின்றன. துணிக்குக் கிடைக்கும் நீதி காய்க்கு ஏன் கிடைக்கவில்லை? அதைக் கிடைக்கச் செய்ய நம் சங்கங்களால் ஆவது என்ன? இம்மாதப் பாடத்தில் நாம் ஆராயப்போவது இதுவே.

வீணாவது எவ்வளவு?

உணவு பதப்படுத்தும் தொழில்கள் அமைச்சகத்துக்காக நபார்டு ஆலோசனை நிறுவனம் நடத்தி 2022-ஆம் ஆண்டில் முடித்த ஆய்வு ஒன்று உண்டு. அதன்படி நம் நாட்டில் அறுவடையின்போதும் அதற்குப் பின்னும் பழங்களில் 6.02 முதல் 15.05 சதவீதம் வரையிலும், காய்கறிகளில் 4.87 முதல் 11.61 சதவீதம் வரையிலும் இழப்பாகின்றன. பழங்களில் கொய்யாவும், காய்கறிகளில் தக்காளியும் இந்த வரிசையில் முன்நிற்கின்றன. உலக நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இந்த இழப்பு முழுவதும் தோற்றக் குறையால் நேர்வதன்று. வெயிலில் காத்துக் கிடப்பது, மூட்டை அழுந்துவது, வண்டியில் நசுங்குவது, குளிர்ச்சியான கிடங்கு இல்லாமை என்று காரணங்கள் பல. எனினும் அவற்றுள் பலவற்றை நீக்கப் பெருமுதல் வேண்டும். நன்றாக இருந்தும் அழகாக இல்லை என்பதால் கழிக்கப்படும் காயை மீட்பதற்கோ, ஒரு கூடையும் இரண்டு கைகளும் கொஞ்சம் நாணயமும் போதும். அதனால்தான் இதை முதலில் எடுத்துக்கொள்கிறோம். வீணாகும் ஒவ்வொரு காயோடும் அதற்கு இறைத்த நீரும், இட்ட எருவும், களை பறித்த கூலியும் சேர்ந்தே வீணாகின்றன என்பதை நாம் மறத்தலாகாது.

அழகின்மை வேறு, அழுகல் வேறு

இப்பாடத்தின் அடிப்படை இவ்விரண்டையும் பிரித்து அறிவதே. முதலில், உண்பதற்குத் தீங்கற்ற தோற்றக் குறைகள் எவையெனக் காண்போம்.

தர்ப்பூசணியின் அடிப்புறத்தில் மஞ்சளாக ஒரு திட்டு இருக்கும். காய் மண்ணில் படிந்து கிடந்த இடம் அது. நகரத்தில் வாங்குவோர் சிலர் அதைக் குறையென்று கருதி ஒதுக்குகிறார்கள். உண்மையில் அத்திட்டு நன்கு மஞ்சளித்திருப்பது காய் முதிர்ந்தமைக்கு ஓர் அடையாளம். பழம் ஒருபுறம் பெருத்து மறுபுறம் சூம்பியிருந்தால், பூவில் மகரந்தம் எல்லாப் பக்கமும் ஒருபடியாகச் சேரவில்லை என்று பொருள். தேனீக்கள் போதிய அளவு வராத தோட்டங்களில் இது மிகுதி. நடுவில் பிளவு விட்ட பழத்தைக் கண்டு மருந்து ஏற்றப்பட்டதோ என்று ஐயுறுவோரும் உண்டு. அது வளர்ச்சியின்போது ஏற்படும் வெற்றிடமேயன்றி வேறன்று.

கத்தரி, எலுமிச்சை முதலியவற்றின் தோலில் தக்கைபோல் காணும் தழும்புகள், காய் பிஞ்சாக இருந்தபோது இலைப்பேன் சுரண்டியதாலோ, காற்றில் கிளையோடு உரசியதாலோ உண்டானவை. அவை தோலோடு நின்றுவிடும். வெண்டை வளைவதும் புடலை சுருள்வதும் சுவையைக் கெடுப்பதில்லை. புடலங்காயின் நுனியில் கல்லைக் கட்டி நேராக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் பழமையானது. நேரான காய்க்கு மதிப்பு மிகுதி என்பதை நம் முன்னோரும் அறிந்தே இருந்தனர். ஆயினும் சுருண்ட புடலையை அவர்கள் எறிந்துவிடவில்லை; அரிந்து கூட்டு வைத்து உண்டனர்.

இனி, தோற்றக் குறை என்ற பெயரில் ஒருபோதும் விற்கக் கூடாதவை எவையெனக் காண்போம். பூஞ்சணம் பிடித்தது, அழுகல் தொடங்கியது, சாறு கசிவது, புழு துளைத்தது, வெள்ள நீரில் மூழ்கியது ஆகியவை கூடையில் இடம்பெறலாகாது. கடுமையாகக் கசக்கும் சுரைக்காயை உண்பது உடலுக்குப் பெருங்கேடு விளைவிக்கும். அதை எவ்விலைக்கும் கொடுத்தல் தகாது. வெடித்த தக்காளி இடைப்பட்டது. நீண்ட காய்ச்சலுக்குப் பின் திடீரென நீர் பாய்ந்தால் தக்காளி வெடிக்கிறது. வெடிப்பு உலர்ந்து ஆறியிருந்தால் அன்றைக்கே சமையலுக்குப் பயன்படும். ஈரமாக இருந்தால் அதன் வழியே பூஞ்சணம் உட்புகும். அதைத் தள்ளிவிட வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தபோது மயிலம், மரக்காணம், விழுப்புரம் பகுதிகள் பெருமழைக்கு ஆளானதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இத்தகைய காலங்களில் இந்தப் பிரிவினை உயிர்நிலையாகிறது. காற்றில் உரசித் தழும்பேறிய காயை விற்கலாம். நீரில் மூழ்கிய காயை விற்கலாகாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால், விற்கத்தக்கதும் நம்பிக்கையை இழந்துவிடும்.

கண்ணை மட்டும் நம்புவதன் கேடு

நம் நாட்டு மக்கள் காய்கறியைக் கண்ணால் மட்டும் தேர்ந்தவர்கள் அல்லர். வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். முருங்கையை முறுக்கிப் பார்ப்பார்கள். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். தர்ப்பூசணியைத் தட்டி ஒலி கேட்பார்கள். 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழி, வெளித்தோற்றத்தை நம்பாதே என்று எச்சரிக்கவே எழுந்தது. கையாலும் காதாலும் தேரும் அந்த அறிவு நாளடைவில் குறைந்து, பளபளப்பே தரம் என்ற எண்ணம் வளர்ந்துவிட்டது. அதன் விளைவை நம் மாவட்டமே 2025-ஆம் ஆண்டில் பட்டு அறிந்தது.

திண்டிவனம், மரக்காணம், வானூர் வட்டாரங்களில் தர்ப்பூசணி முக்கியமான கோடைப் பயிர். மார்கழி, தை மாதங்களில் விதைத்து, வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் பறித்துச் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் அனுப்புகிறோம். அவ்வாண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில், தர்ப்பூசணிக்குச் செயற்கை நிறம் ஊசி மூலம் ஏற்றப்படுகிறது என்ற செய்தி பரவிற்று. மிகச் சிவந்த பழம் என்றாலே மக்கள் அஞ்சத் தொடங்கினர். விற்பனை குன்றியது, விலை சரிந்தது, பல தோட்டங்களில் பழங்கள் பறிக்கப்படாமலே கிடந்தன. தோட்டக்கலைத் துறையினர் விளக்கம் அளித்தும், விளைவித்தோர் முறையிட்டும், பருவம் அதற்குள் கடந்துவிட்டது. அப்பழத்தின் சிவப்பு லைகோபீன் என்னும் இயற்கைப் பொருளால் உண்டாவது. தக்காளியின் சிவப்பும் அதுவே.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அழகில்லாத பழத்தை ஒதுக்கிய அதே கண்கள்தாம், அழகு மிகுந்த பழத்தையும் ஐயுற்று ஒதுக்கின. வாங்குபவருக்குத் தோற்றம் ஒன்றே அளவுகோலாக இருக்கும் வரையில், நம் விளைபொருளின் விலை வதந்தியின் கையில் இருக்கும். எங்கே விளைந்தது, என்று பறித்தது, யார் பொறுப்பு என்பவற்றை வாங்குபவர் அறிந்தால் மட்டுமே அந்த அளவுகோல் மாறும். அவற்றை அறிவிக்கும் வாய்ப்பு தனி விவசாயியைவிடச் சங்கத்துக்கே மிகுதி.

சட்டத்திலும் இடம் உண்டு

குறையுள்ள காயை விற்பது ஏதோ தாழ்ந்த செயல் என்று எவரும் நாண வேண்டுவதில்லை. விளைபொருள்களைத் தரம் பிரித்துக் குறியிடும் சட்டம் 1937-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் இயற்றப்பட்டது. அக்மார்க் முத்திரை அச்சட்டத்தின் வழி வந்ததே. பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் 2004-இல் வகுக்கப்பட்ட விதிகளில் சிறப்பு வகுப்பு, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என மூன்று நிலைகள் உண்டு. வடிவிலும் நிறத்திலும் தோலிலும் ஓரளவு குறையிருப்பினும், அழுகலின்றி உண்ணத்தக்கதாய்த் தூய்மையாய் இருக்கும் காய்க்கு இரண்டாம் வகுப்பில் இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. சட்டம் இட்ட இருக்கையில் நம் காயை நாமே அமர்த்தாமல் விடுவது பேதைமையாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

ஐரோப்பிய நாடுகளில் வெள்ளரிக்காய் எவ்வளவு வளையலாம் என்பதற்கே 1988-ஆம் ஆண்டில் விதி செய்தார்கள். பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வளைந்தால் மேல் வகுப்புகளில் சேர்க்கலாகாது என்பது அவ்விதி. பல்லாண்டு அனுபவத்துக்குப் பின், 26 வகைக் காய்கனிகளுக்கு இத்தகைய விதிகளை 2009 ஜூலை முதல் அவர்களே நீக்கிவிட்டார்கள். விதி போயிற்று, ஆனால் பெருங்கடைகளின் பழக்கம் போகவில்லை. இதனால், அரசின் ஆணையை மாற்றினால் மட்டும் போதாது, விற்கும் இடத்தையும் மாற்ற வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அதைச் செய்து காட்டியது ஒரு கூட்டுறவுச் சங்கமே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் 2013-ஆம் ஆண்டில் 'ஃப்ருட்டா ஃபெய்யா' என்னும் நுகர்வோர் கூட்டுறவு தொடங்கப்பட்டது. அழகற்ற பழம் என்பதே அப்பெயரின் பொருள். அளவாலும் நிறத்தாலும் வடிவாலும் கடைகள் தள்ளிய காய்கனிகளை அச்சங்கம் விவசாயிகளிடமிருந்து நேரே வாங்குகிறது. கூடைகளில் இட்டு வாரந்தோறும் அங்கத்தினர்களுக்கு அளிக்கிறது. அங்கத்தினர் பதிந்த கூடைகளின் கணக்குக்கு ஏற்ப வாங்குவதால், விற்காமல் தேங்குவது அரிது. பிரான்சு நாட்டில் இண்டர்மார்ஷே என்னும் கடைக்குழுமம் 2014-இல் அழகற்ற காய்கனிகளைத் தனி வரிசையில் வைத்து, 30 சதவீதம் விலை குறைத்து விற்றது. குறையை மறைக்காமல் பெயரிலேயே பறைசாற்றியமையே இவ்விரண்டின் வெற்றிக்கும் காரணம் என நாம் கருதுகிறோம்.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அங்கத்தினரிடம் 100 கிலோ கத்தரிக்காய் உள்ளது. அதில் 80 கிலோ நல்ல காய்; 20 கிலோ தழும்பும் கோணலும் உள்ள காய். இரண்டையும் கலந்து மண்டிக்குக் கொண்டு சென்றால், வியாபாரி மூட்டையில் கைவிட்டுக் கோணற் காயை எடுத்துக் காட்டி, கிலோ 15 ரூபாய் என்று மதிக்கிறார். கிடைப்பது 1,500 ரூபாய். பிரித்துக் கொண்டு சென்று, நல்ல காய் 20 ரூபாய்க்கும் கோணற் காய் 10 ரூபாய்க்கும் விலைபோனால், கிடைப்பது 1,600-உம் 200-உம் சேர்ந்து 1,800 ரூபாய். பிரிக்கும் கூலி 60 ரூபாய் போனாலும் 240 ரூபாய் மிச்சம்.

விலைகள் நாளுக்கு நாள் மாறும். மாறாதது இக்கணக்கின் உட்பொருள். தரம் பிரிப்பவர் எவரோ, அவரே விலையை வகுப்பவர். நாம் பிரிக்காவிடில் வியாபாரி பிரிப்பார். அவர் மண்டியில் மூட்டையை அவிழ்த்து, நல்லதை ஒரு விலைக்கும் மற்றதை வேறொரு விலைக்கும் விற்று, இடையிலுள்ள ஊதியத்தைத் தாமே கொள்வார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. செய்த வேலைக்குரிய கூலியைத்தான் அவர் எடுத்துக்கொள்கிறார். அந்த வேலையை அவருக்கு விட்டுக்கொடுத்தது நாமே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் கோணற் காயையும் சந்தைக்கு ஏற்றுவது இலாபமன்று. பறிகூலியும் சாக்கும் வண்டி வாடகையும் சேர்ந்து, கிடைக்கும் விலையை விஞ்சுமானால், அக்காய் மாட்டுத் தொட்டிக்கோ எருக்குழிக்கோ போவதே முறை. அது வீணாவதன்று, நிலத்துக்கே திரும்புவது. கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழக்கத்தால் முடிவு செய்யாதீர்கள்.

ஓர் ஐயமும் விடையும்

மலிவான காய் சந்தையில் மிகுந்தால் நல்ல காயின் விலையும் விழுந்துவிடாதா என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வகை வாங்குவோர்க்கு விற்றால் அவ்வாறு நேரலாம். ஆகவே வாங்குவோரைப் பிரித்தறிதல் வேண்டும். காயை முழுதாகத் தட்டில் வைத்துப் பரிமாறுவோர் மிகச் சிலர். உணவகம், மாணவர் விடுதி, அன்னதானக் கூடம், திருமணச் சமையற்காரர் ஆகியோர் அரிந்தே பயன்படுத்துவர். சாம்பாரில் வெந்த கத்தரிக்குக் கோணல் தெரியாது. தக்காளியைக் கூழாக்குவோரும், மாங்காயை ஊறுகாய்க்கு அரிவோரும் வடிவைப் பொருட்படுத்துவதில்லை. திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா அமைந்துள்ளமையால், பதப்படுத்துவோரோடு நம் சங்கங்கள் பேசிப் பார்க்கும் வாய்ப்பும் அருகில் வந்திருக்கிறது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

ஒன்று: தோட்டத்திலேயே பிரித்தல். பறிக்கும்போதே மூன்று கூடைகள் வைத்துக்கொள்ள வேண்டும். முதற்கூடை நல்ல காய்க்கு, இரண்டாவது தோற்றக் குறையுள்ள காய்க்கு, மூன்றாவது மாட்டுக்கும் எருவுக்கும். சந்தையில் வந்து பிரித்தால் அதற்குள் ஒன்றன் அழுகல் மற்றதைத் தொற்றிவிடும்.

இரண்டு: குறையை எழுதி வைத்தல். 'வளைந்த வெண்டை, இன்று காலை பறித்தது' என்று ஒரு அட்டையில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். மறைத்த குறை ஐயத்தை வளர்க்கும்; சொன்ன குறை நம்பிக்கையை வளர்க்கும். நெசவாளர் சங்கத்து அங்கத்தினர்களுக்கு இதில் நல்ல பழக்கம் உண்டு. அவர்களை அழைத்து அவர்களது சோதனை முறையை விளக்கச் செய்வது பயன் தரும்.

மூன்று: விற்கும் இடத்தைத் தேர்தல். தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திறக்கப்பட்டது. நம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உழவர் சந்தைகள் உள்ளன. தரகு இல்லாமல் நேரே விற்கும் அங்கு, வாங்குபவரோடு முகம் பார்த்துப் பேசலாம். கோணற் காயின் காரணத்தை இரண்டு வார்த்தையில் சொல்ல அதைவிட ஏற்ற இடமில்லை. கூட்டுறவுத் துறை 2013-இல் சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளைத் தொடங்கியபோது, விவசாயியிடம் நேரே வாங்கி நுகர்வோரிடம் நேரே விற்பது இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதே முறையில், இரண்டாம் வகுப்புக்கென ஒரு தட்டைப் பண்டகசாலைகளில் ஒதுக்கலாம்.

நான்கு: முன்பதிவு. விடுதிகளையும் உணவகங்களையும் நேரில் கண்டு, வாரத்துக்கு இத்தனை கிலோ என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். லிஸ்பன் சங்கத்தின் பலம் அதன் கூடையில் இல்லை. முன்கூட்டித் தெரிந்த தேவையில் இருக்கிறது.

ஐந்து: அங்கத்தினர் வீடுகள். நெசவு செய்யும் குடும்பங்கள் காய் வாங்குகின்றன. பயிர் செய்யும் குடும்பங்கள் துணி வாங்குகின்றன. ஒரே வட்டாரத்திலுள்ள இரு சங்கங்கள், குறை சொல்லப்பட்ட காயையும் குறை சொல்லப்பட்ட துணியையும் தம்முள் நியாய விலைக்கு மாற்றிக்கொள்ளுமானால், இருவர் செலவும் குறையும். கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவே.

இவற்றுக்கெல்லாம் பெருமுதல் வேண்டுவதில்லை. வேண்டுவது ஒழுங்கு. இரண்டாம் கூடையில் ஒரே ஒரு நாள் அழுகற் காய் சென்றாலும், வாங்குவோர் மறுநாள் அக்கூடையின் பக்கம் திரும்பார். ஆகவே கூடையைச் சோதிக்கும் பொறுப்பை வாரம் ஒருவராக அங்கத்தினர்களே முறைவைத்து ஏற்றல் நன்று.

கல்விக் கூட்டத்துக்கான வினாக்கள்

1. நம் ஊரில் சென்ற பருவத்தில் தோற்றக் குறையால் கழிக்கப்பட்ட காய்கள் எவை? ஏறக்குறைய எத்தனை கூடை இருக்கும்?

2. தழும்பேறிய கத்தரி, புழு துளைத்த கத்தரி ஆகிய இரண்டையும் கூட்டத்தில் வைத்து, வேறுபாட்டை இளைஞர்களுக்கு யார் விளக்குவது?

3. நம் சங்கத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் எத்தனை விடுதிகளும் உணவகங்களும் உள்ளன? அவை இப்போது எங்கே காய் வாங்குகின்றன?

4. மேலே கண்ட கத்தரிக்காய்க் கணக்கை, இவ்வார விலையை வைத்து மீண்டும் போட்டுப் பார்க்கவும். எந்த விலைக்குக் கீழே போனால் இரண்டாம் கூடையைச் சந்தைக்கு ஏற்றுவது நட்டமாகும்?

5. வரும் தர்ப்பூசணிப் பருவத்தில் வதந்தி ஒன்று பரவுமானால், வாங்குவோர்க்கு நாம் காட்டத்தக்க சான்றுகள் எவை? அவற்றை விதைக்கும்போதே எழுதி வைக்கத் தொடங்கலாமா?

இவ்வினாக்களுக்கு விடை காணும் சங்கங்கள், தாம் கண்ட முறையையும் பெற்ற விலையையும் அண்டைச் சங்கங்களுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு சங்கத்தின் அனுபவம் மற்றொரு சங்கத்துக்கு விதையாகும்.